தாழ்சூரியக் கண்கூச்சமும் தலைக்கவசமும்

தாழ்சூரியக் கண்கூச்சம் என்பது, காலையிலும் மாலையிலும் சூரியன் தொடுவானத்தை ஒட்டி நிற்கும்போது அதன் நேரடி ஒளி ஓட்டுநரின் கண்ணில் விழுந்து பார்வையைக் குன்றச் செய்யும் நிலையாகும். எல்லா ஊர்தி ஓட்டுநர்களும் இதற்கு ஆளாகின்றனர் எனினும், மோட்டார் சைக்கிள் ஓட்டுபவருக்கு இது தனிச் சிக்கலாக அமைகிறது. சிற்றுந்தில் உள்ளவருக்குக் கூரையின் நிழல் உண்டு. தலைக்கு மேலுள்ள மடக்குத் தகட்டைக் கீழே இழுத்துக்கொள்ளவும் முடியும். மோட்டார் சைக்கிள் ஓட்டுபவருக்கு இவ்விரண்டும் இல்லை. அத்துடன், பேச்சு வழக்கில் ஹெல்மெட் கண்ணாடி எனப்படும் வைசர் அவருடைய கண்ணுக்கு மிக அருகில் இருப்பதால், அதிலுள்ள தூசியும் கீறல்களும் சூரிய ஒளியைச் சிதறடித்துக் கூச்சத்தை மேலும் கூட்டுகின்றன.

இக்கூச்சத்தைக் குறைக்கும் முறைகளை இரண்டாகப் பிரிக்கலாம். ஒன்று, சூரியனைக் கண்ணிலிருந்து மறைப்பது. மற்றொன்று, கண்ணை அடையும் ஒளி முழுவதையும் மங்கச் செய்வது. கடைகளில் பெரிதும் விற்கப்படுவது இரண்டாவது வகையே. ஆனால் இழந்த பார்வையை மீட்டுத் தருவதில் முதல் வகையே வலியது. கறுப்பு வைசர் கண்ணுக்கு இதம் அளிக்கும். எதிரே சாலையைக் கடப்பவரை அது தெளிவாகக் காட்டிவிடும் எனக் கொள்வது தவறு.

நேரமும் திசையும்

சூரியனின் தோற்ற விட்டம் ஏறத்தாழ அரைப் பாகை மட்டுமே. வானில் அது மணிக்கு 15 பாகை வீதம் நகர்வதாகத் தோன்றுகிறது. ஆனால் அது தொடுவானத்திலிருந்து மேலெழும் வேகம் இடத்தின் குறுக்குக்கோட்டைப் பொறுத்தது. நிலநடுக்கோட்டுக்கு அருகில் சூரியன் கிட்டத்தட்டச் செங்குத்தாக எழுகிறது. வடக்கே செல்லச் செல்லச் சாய்வாக எழுகிறது. வடக்கே 13 பாகையில் அமைந்த சென்னையில், பகலும் இரவும் சமமாக உள்ள மார்ச், செப்டம்பர் நாட்களில், உதித்த சூரியன் 10 பாகை உயரத்தை எட்ட ஏறத்தாழ 40 நிமிடங்களே போதும். இலண்டனில் அதே நாளில் இதற்கு ஒரு மணி நேரத்துக்கும் மேல் ஆகும். திசம்பர் 21 ஐ ஒட்டிய நாட்களில் இலண்டனில் நண்பகலிலேயே சூரியன் ஏறத்தாழ 15 பாகை உயரத்தில்தான் நிற்கும். எனவே ஐரோப்பியக் குளிர்காலத்தில் இது பகல் முழுவதும் நீடிக்கும் தொல்லை. தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் நாளுக்கு இருமுறை வந்து விரைவில் நீங்கும் தொல்லை. ஆனால் அவ்விரு வேளைகளும் பள்ளி, பணியிடம் செல்லும் நேரத்தோடும் வீடு திரும்பும் நேரத்தோடும் பெரும்பாலும் ஒன்றிவிடுகின்றன.

சூரியன் நேர் கிழக்கில் உதிப்பது ஆண்டில் இரு நாட்களில் மட்டுமே. சென்னையில் அது சூன் மாத இறுதி வாரத்தை ஒட்டிக் கிழக்கிலிருந்து 24 பாகை வடக்காகவும், திசம்பரில் அதே அளவு தெற்காகவும் விலகி உதிக்கிறது. மறையும் திசையும் அவ்வாறே விலகுகிறது. ஆகவே ஒவ்வொரு சாலைக்கும் அதற்கே உரிய கூச்சப் பருவம் உண்டு. சென்னையின் பூந்தமல்லியிலிருந்து திருப்பெரும்புதூர் செல்லும் நெடுஞ்சாலை பொதுவாக மேற்குத் தென்மேற்காகச் செல்வதால், மார்கழி மாதத்து மாலைச் சூரியன் அச்சாலையின் நீட்சியிலேயே இறங்குகிறது. ஆடி மாதத்தில் அதே சாலையில் செல்பவருக்குச் சூரியன் வலப்புறம் வெகுவாக ஒதுங்கியிருக்கும். நியூயார்க்கு நகரின் மன்காட்டன் தெருக்கள் உண்மை வடக்கிலிருந்து 29 பாகை திரும்பியிருப்பதால், அங்கு மே மாத இறுதியிலும் சூலை நடுவிலும் சூரியன் தெருவின் நடுவே மறைவதைக் காண மக்கள் கூடுகின்றனர். வானியற்பியலாளர் நீல் டிகிராஸ் டைசன் இந்நிகழ்வுக்கு மன்காட்டன்கெஞ்சு என்ற பெயரைப் பரப்பினார். வேடிக்கை பார்ப்போருக்கு விழாவாக அமையும் அதே ஒழுங்கமைவுதான் ஊர்தி ஓட்டுபவருக்கு இடராகிறது.

சாலையின் ஏற்ற இறக்கத்தையும் கணக்கில் கொள்ள வேண்டும். 5 பாகை ஏற்றத்தில் செல்பவருக்கு 8 பாகை உயரச் சூரியன் சாலைக்கு மேல் 3 பாகையில் நிற்பதாகத் தோன்றும். பாலத்தின் உச்சியை அடையும் முன் திடீரெனக் கண் கூசுவதற்கு இதுவே காரணம்.

கண்ணில் நிகழ்வது

கண்ணின் விழிவெண்படலமும் வில்லையும் முழுத் தெளிவு உடையவை அல்ல. வலிமையான ஒளி அவற்றின் வழியே செல்லும்போது ஒரு சிறு பகுதி சிதறி, விழித்திரை முழுவதும் மெல்லிய ஒளித்திரை போலப் படர்கிறது. சாலையின் உருவம் இத்திரையின் மேல் விழுவதால் வெளிறிப் போகிறது. இத்திரையின் அளவைக் கணிக்கும் தோராய விதி ஒன்றை 1920களில் ஆலடே, இசுட்டைல்சு ஆகியோரின் ஆய்வுகள் தந்தன. அதன்படி ஒளித்திரையின் செறிவு, கண்ணில் விழும் ஒளியின் அளவுக்கு நேர்விகிதத்திலும், பார்வைக் கோட்டுக்கும் ஒளி மூலத்துக்கும் இடையிலான கோணத்தின் இருமடிக்கு எதிர்விகிதத்திலும் அமையும். ஒளியளவு மாறாதிருப்பின், 10 பாகை விலகியிருந்த மூலம் 5 பாகைக்கு வரும்போது திரை நான்கு மடங்காகும். வயதும் ஒரு காரணி. பன்னாட்டு ஒளியூட்டல் ஆணையத்தின் வாய்பாட்டின்படி, 70 வயதினரின் கண்ணில் இத்திரை இளைஞரின் கண்ணில் உள்ளதைப் போல ஏறத்தாழ இரு மடங்காகும்.

ஓர் எடுத்துக்காட்டு இதனை விளக்கும். சாலையின் ஒளிர்வு 100 அலகு, அதைக் கடக்கும் ஒருவரின் ஒளிர்வு 60 அலகு எனக் கொள்வோம். இரண்டுக்கும் இடையிலான வேறுபாடு சாலையின் ஒளிர்வில் 40 விழுக்காடு. அவர் நன்றாகத் தெரிவார். சூரியனால் 400 அலகு ஒளித்திரை படர்ந்தால் அவ்வெண்கள் 500, 460 என ஆகி, வேறுபாடு 8 விழுக்காடாகச் சுருங்கும். இப்போது ஐந்தில் ஒரு பங்கு ஒளியை மட்டும் விடும் கறுப்புக் கண்ணாடியை இட்டால் அவை 100, 92 ஆகின்றன. வேறுபாடு அதே 8 விழுக்காடுதான். கறுப்புக் கண்ணாடி திரையையும் ஆளையும் ஒரே விகிதத்தில் மங்கச் செய்கிறது. மாறாக, சூரிய வட்டம் மட்டும் ஒரு விரலால் மறைக்கப்பட்டால் திரை விலகி, 40 விழுக்காடு வேறுபாடு பெரும்பாலும் மீண்டு வரும்.

இதனால் கறுப்புக் கண்ணாடிக்குப் பயனே இல்லை என்று கூற இயலாது. கண் சுருங்குதல், நீர் வடிதல், வலி ஆகியவற்றை அது குறைக்கிறது. கண்ணை இடுக்கிக்கொண்டு ஓட்டுபவரைக் காட்டிலும் திறந்து பார்க்க இயன்றவர் மேலானவரே. நீண்ட பயணத்தில் களைப்பும் குறையும். உறுத்தும் கூச்சமும் பார்வையைக் குன்றச் செய்யும் கூச்சமும் வெவ்வேறானவை. முதலாவதற்கு நல்ல மருந்தாவது இரண்டாவதற்கு அரை மருந்தாகக்கூட அமைவதில்லை.

சூரியனை மறைத்தல்

முழுமுகத் தலைக்கவசத்தின் நெற்றி விளிம்பே முதல் நிழற்குடையாகும். எனினும் அது எவ்வளவு தாழ்ந்திருக்கலாம் என்பதற்கு வரம்பு உண்டு. ஐக்கிய நாடுகள் ஐரோப்பியப் பொருளாதார ஆணையத்தின் 22 ஆம் விதி, 05 ஆம் திருத்தத் தொடரில், பார்வைப் புலம் கிடைமட்டத்துக்கு மேல் குறைந்தது 7 பாகையும் கீழ் 45 பாகையும் பக்கத்துக்கு 105 பாகையும் திறந்திருக்க வேண்டும் எனக் கூறுகிறது. அதாவது தலை நிமிர்ந்திருக்கும் நிலையில் 7 பாகைக்குக் கீழுள்ள சூரியனை எந்த நெற்றி விளிம்பும் மறைக்கக் கூடாது. ஆனால் மிக மோசமான கூச்சம் அந்த 7 பாகைக்குள்தான் நிகழ்கிறது.

தலையைச் சற்றே கவிழ்ப்பது செலவில்லாத தீர்வு. முகவாயை 5 பாகை தாழ்த்தினால் விளிம்பும் அவ்வளவு தாழும். கண் மட்டும் மேல்நோக்கிச் சாலையைப் பார்க்கும். தலைக்கவசம் தளர்வாக இருந்தாலோ பின்னோக்கிச் சரிந்திருந்தாலோ இது பயன் தராது. கூச்சத்துக்கு அப்பால், விபத்தில் கழன்றுவிடும் என்பதாலும் அவ்வாறு அணிவது தீது.

மண்பாதைப் பந்தயத் தலைக்கவசங்களில் நெற்றிக்கு முன் நீளும் தகடு உண்டு. வெயிலையும் முன்செல்லும் ஊர்தி எறியும் சேற்றையும் தடுப்பது அதன் பணி. தலையின் சிறு அசைவால் அதன் நிழலைக் கண்ணின் மேல் இருத்தலாம் என்பதால் தாழ்சூரியனுக்கு இதுவே மிகப் பொருத்தமான அமைப்பு எனலாம். விரைவுச் சாலையில் இது காற்றில் அகப்பட்டுத் தலையைப் பின்னே தள்ளும்; பக்கம் திரும்பிப் பார்க்கும்போது கழுத்தை முறுக்கும். நெடுந்தொலைவுப் பயணத்துக்கெனச் செய்யப்படும் தலைக்கவசங்களில் காற்று ஊடு செல்லத் துளைகள் இட்டு இக்குறையைத் தணித்துள்ளனர். சப்பானிய நிறுவனமான அராய், ஓட்டின் உள்ளே கறுப்புத் தகடு வைப்பதைத் தவிர்த்து, வைசரின் வெளிப்புறத்தில் மேலும் கீழும் நகரும் நிழல் தகட்டைத் துணைக்கருவியாக விற்கிறது. மேலே தூக்கிய நிலையில் அது குட்டையான நெற்றித் தகடு போலவும், இறக்கிய நிலையில் கறுப்புக் கண்ணாடி போலவும் பயன்படும்.

வைசரின் மேல் விளிம்பில் ஒளிபுகா ஒட்டுநாடாவை ஒரு பட்டையாக ஒட்டுவது பலர் கையாளும் எளிய முறை. இதன் வடிவியல் எளிது. வைசர் கண்ணிலிருந்து 8 செ.மீ. தொலைவில் இருப்பதாகக் கொண்டால், 1 செ.மீ. அகலப் பட்டை ஏறத்தாழ 7 பாகையை மறைக்கும். ஆகவே இரண்டு விரல் அகலத்துக்கு ஒட்டுவோர் தமக்குத் தெரியாமலே வானை மட்டுமன்றிப் போக்குவரத்து விளக்கையும் சேர்த்து மறைத்துவிடுகின்றனர். பட்டையை வண்டியின் மேல் இயல்பாக அமர்ந்த நிலையில் அளந்து ஒட்டுவதே முறை. கைப்பிடியை நோக்கிக் குனிந்து ஓட்டும் வண்டிகளில் ஓட்டுநர் வைசரின் மேற்பகுதி வழியாகவே பார்ப்பதால், நிமிர்ந்த நிலையில் அளந்த பட்டை அங்குப் பொருந்தாது. விதியில் கூறப்பட்ட பார்வைப் புலத்துக்குள் பட்டை நுழையுமாயின் அது சட்டப்படியும் குறையாகும்.

இடக்கையை உயர்த்திச் சூரியனை மறைப்பது இயல்பாக எழும் செயல். வலக்கையில் முறுக்குப் பிடியும் முன் பிரேக்கும் இருப்பதால் இடக்கையே இதற்கு உகந்தது. அப்போது கிளச்சைப் பிடிக்கக் கை இருப்பதில்லை. மேடு பள்ளத்தில் ஒற்றைக் கைப்பிடி நிலைகுலையும். நெரிசலான சாலையில் இதனைத் தவிர்க்க வேண்டும்.

ஒளியை மங்கச் செய்தல்

கறுப்பு வைசரின் பெருங்குறை, அதனை வழியில் மாற்ற முடியாது என்பதே. மாலை 5 மணிக்குப் புறப்பட்டு 7 மணிக்கு வீடு சேர்பவருக்கு அது முதல் பாதியில் உதவி, இரண்டாம் பாதியில் இடராகும். இரவில் வைசரைத் தூக்கிவிட்டு ஓட்டுவோரின் கண்ணில் பூச்சியும் மணலும் விழும்.

இக்குறையைப் போக்க வந்ததே உள்நிழல் தகடு. ஓட்டின் விளிம்பிலோ உச்சியிலோ உள்ள நெம்புகோலைத் தள்ளினால், தெளிவான வைசருக்குப் பின்னால் கறுப்புத் தகடு கண்ணின் முன் இறங்கும். சுரங்கப்பாதையில் நுழையும் முன் ஒரு நொடியில் தூக்கிவிடலாம். அதனைப் பாதி இறக்கி, அதன் கீழ் விளிம்பு சூரியனுக்குச் சற்றுக் கீழே நிற்குமாறு வைத்தால் மறைக்கும் தகடு போலவும் ஓரளவு பயன்படும். எல்லாத் தகடுகளும் நடுவில் நிற்பதில்லை. இடம் தருவதற்காக உள்ளிருக்கும் நுரை மெலிய நேரும் என்பது இவ்வமைப்பை ஏற்காதோரின் வாதம்.

குளிர்கண்ணாடி அணிவோர் அதன் வகை எண்ணைப் பார்ப்பது நன்று. பன்னாட்டுத் தரத்தில் 2 ஆம் வகை 18 முதல் 43 விழுக்காடு ஒளியையும், 3 ஆம் வகை 8 முதல் 18 விழுக்காட்டையும், 4 ஆம் வகை 3 முதல் 8 விழுக்காட்டையும் ஊடுருவ விடும். 4 ஆம் வகை ஊர்தி ஓட்டத் தகாதது. ஒன்றன்மேல் ஒன்றாக அமையும் வடிப்பிகளின் ஊடுருவல் பெருகிக் குறையும் என்பதைப் பலர் எண்ணுவதில்லை. 50 விழுக்காடு விடும் வைசருக்குப் பின்னால் 15 விழுக்காடு விடும் குளிர்கண்ணாடி அணிந்தால் கண்ணை அடைவது 7.5 விழுக்காடு, அது 4 ஆம் வகைக்கு இணையாகிவிடும்.

ஒளிக்கேற்ப நிறம் மாறும் மூக்குக்கண்ணாடிகள் தலைக்கவசத்தினுள் பெரும்பாலும் கறுப்பதில்லை. அவை புற ஊதாக் கதிரால் தூண்டப்படுபவை; பாலிகார்பனேட்டு வைசர் அக்கதிரைத் தடுத்துவிடுகிறது. நிறமாற்றும் பொருள் வைசரிலேயே அமைந்திருந்தால் இச்சிக்கல் எழாது. ஆயினும் அவ்வகை வைசர்கள் கறுப்பதைவிடத் தெளிவதற்குக் கூடுதல் நேரம் எடுத்துக்கொள்ளும். மின்னழுத்தத்தால் நொடிப்பொழுதில் நிறம் மாறும் திரவப் படிக வைசர்களும் விற்பனைக்கு வந்துள்ளன. அவற்றின் விலை மிகுதி.

மஞ்சள் நிற வைசரை இதற்கெனப் பரிந்துரைப்போர் உளர். மஞ்சள் வடிப்பி நீல ஒளியையே நீக்குகிறது. தாழ்ந்த சூரியனின் ஒளியிலோ நீலம் ஏற்கனவே வளிமண்டலத்தில் பெரிதும் சிதறிப் போயிருக்கும்.

வைசரின் தூய்மை

கூச்சத்தைப் பொறுத்தவரை இப்பகுதியே பிற எல்லாவற்றினும் மலிவானதும் அடிக்கடி புறக்கணிக்கப்படுவதும் ஆகும். மேற்கண்ட எடுத்துக்காட்டில், கண்ணினுள் எழும் 400 அலகுத் திரையுடன், கீறல் விழுந்த வைசர் மேலும் 500 அலகைச் சேர்ப்பதாகக் கொண்டால், சாலையும் ஆளும் 1000, 960 எனத் தோன்றும். வேறுபாடு 4 விழுக்காடு. நண்பகலில் குறையின்றித் தெரியும் வைசர், சூரியன் எதிரே நிற்கும்போது வெண்புகை படிந்ததுபோல் ஆவது இதனாலேயே. வைசரைத் தாழ்சூரியனுக்கு எதிரே பிடித்து, நிழலில் உள்ள சுவரை அதன் வழியே நோக்கினால் அதன் உண்மை நிலை தெரிந்துவிடும்.

பாலிகார்பனேட்டு மோதலைத் தாங்கும், ஆனால் எளிதில் கீறும். அதன் மேல் கடினப் பூச்சு இடப்பட்டிருந்தாலும், உலர்ந்த தூசியைச் சட்டை முனையால் துடைப்பது மணல்தாள் கொண்டு தேய்ப்பதற்கு நிகர். ஈரத்துணியைச் சில நிமிடங்கள் வைசர் மேல் போர்த்தி, காய்ந்த பூச்சிகளையும் தூசியையும் ஊறவிட்டு, மென்மையான சவர்க்காரக் கரைசலால் கழுவ வேண்டும். பெட்ரோல், மண்ணெண்ணெய், தின்னர், அம்மோனியா கலந்த கண்ணாடித் துடைப்பி ஆகியவை பாலிகார்பனேட்டில் நுண்விரிசல்களை உண்டாக்கும். உட்புறத்தையும் துடைக்க மறத்தலாகாது. மூச்சின் படிவும் கைரேகையும் அங்கும் ஒளியைச் சிதறடிக்கும். ஆழக் கீறிய வைசரை மெருகேற்றிச் சரிசெய்வதைவிட மாற்றுவதே தகும். தலைக்கவசம் வாங்கும்போதே, மாற்று வைசர் தனியாகக் கிடைக்குமா எனக் கேட்டு வாங்குவது நல்லது.

ஈரச்சாலையும் தளவிளைவும்

நீர்ப்பரப்பில் பட்டுத் தெறிக்கும் ஒளி, முனைவாக்கம் எனவும் வழங்கும் தளவிளைவுக்கு உட்படுகிறது. தளவிளைவுக் குளிர்கண்ணாடி அத்தெறிப்பை வெட்டும் என்பது பொதுவாகச் சரியே. ஆனால் அது முழுமையாக நிகழ்வது படுகோணம் ஏறத்தாழ 53 பாகையாக, அதாவது சூரியன் 37 பாகை உயரத்தில் இருக்கும்போதுதான். சூரியன் 10 பாகையில் நிற்கும்போது தட்டையான நீர்ப்பரப்பு அதன் ஒளியில் ஏறத்தாழ 35 விழுக்காட்டைத் தெறிக்கிறது. அதில் தளவிளைவின் அளவு ஏறத்தாழ 31 விழுக்காடு மட்டுமே. ஆகவே மழைக்குப் பிந்திய மாலையில் இக்கண்ணாடியின் சிறப்பு வெகுவாகக் குறைகிறது. நேரே வரும் சூரிய ஒளிக்கு அது சாதாரணக் கறுப்புக் கண்ணாடியே. பாலிகார்பனேட்டு வைசருக்குப் பின்னால் அணிந்தால் வானவில் போன்ற நிறத்திட்டுகள் தோன்றலாம். வண்டியின் திரவப் படிக அளவிகள் சில கோணங்களில் இருண்டும் போகும்.

சட்ட நிலை

மேற்குறித்த 22 ஆம் விதியின் 05 ஆம் தொடர், 80 விழுக்காட்டுக்குக் குறையாமல் ஒளி விடும் வைசரையே எல்லா நேரத்துக்கும் உரியதாகக் கொண்டு, 50 முதல் 80 விழுக்காடு வரை விடுவனவற்றைப் பகலுக்கு மட்டும் எனக் குறியிடச் செய்தது. இந்தியாவில் 1988 ஆம் ஆண்டு மோட்டார் ஊர்திச் சட்டத்தின் 129 ஆம் பிரிவு தலைக்கவசத்தைக் கட்டாயமாக்குகிறது. தலைக்கவசத்துக்கான இந்தியத் தரம் ஐ.எசு. 4151 ஆகும், 2021 சூன் 1 முதல் அத்தரக் குறியீடு கட்டாயமாயிற்று. சிற்றுந்துச் சாளரங்களில் கறுப்புத் தாள் ஒட்டுவதை 2012 இல் இந்திய உச்ச நீதிமன்றம் தடை செய்தது வேறு செய்தி. அது தலைக்கவசத்தைப் பற்றியதன்று. இலங்கையில் 2015 ஆம் ஆண்டு, குற்றவாளிகள் முகத்தை மறைத்துக்கொள்கின்றனர் என்ற காரணத்தால் முழுமுகத் தலைக்கவசத்தைத் தடை செய்யும் முயற்சி நடந்து, அது நீதிமன்றம் வரை சென்றது.

சூரியன் பின்னால் இருக்கும்போது

கண் கூசாத திசையில் செல்பவர் தமக்கு இடரில்லை எனக் கருதுவது வழக்கம். உண்மையில் அப்போது எதிரே வருபவருக்கும், குறுக்குச் சாலையில் திரும்பக் காத்திருப்பவருக்கும் சூரியன் முகத்தில் அடிக்கிறது. மோட்டார் சைக்கிள் அவர்களுடைய ஒளித்திரைக்குள் கரைந்த ஒரு குறுகிய நிழலுருவாகவே இருக்கும். ஓட்டுநரின் சொந்த நிழலே இதற்குக் குறிகாட்டி. சூரியன் 10 பாகையில் நிற்கும்போது நிழல் உயரத்தைப் போல ஐந்தரை மடங்குக்கும் மேல் நீளும், 1.7 மீட்டர் உயரத்துக்கு 9 மீட்டருக்கும் கூடுதல். அந்நீண்ட நிழல் எந்த ஊர்தியை நோக்கிச் சுட்டுகிறதோ, அதன் ஓட்டுநர் தம்மைக் காணவில்லை எனக் கொண்டு ஓட்டுவதே காப்பு.

அமெரிக்காவின் தென் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆரி அர்ட்டு தலைமையிலான குழு, இலாசு ஏஞ்சலசுப் பகுதியில் நிகழ்ந்த ஏறத்தாழ 900 மோட்டார் சைக்கிள் விபத்துகளை நேரில் ஆராய்ந்து 1981 இல் அறிக்கை வெளியிட்டது. ஒன்றுக்கு மேற்பட்ட ஊர்திகள் மோதிய விபத்துகளில் ஏறக்குறையப் பாதியில், மோட்டார் சைக்கிளையோ மற்ற ஊர்தியையோ காண்பது கண்கூச்சத்தாலோ வேறு ஊர்திகள் மறைத்ததாலோ தடைப்பட்டிருந்ததாக அது குறிப்பிடுகிறது. இந்தியாவில் 2017 ஏப்ரல் 1 முதல் புதிய இருசக்கர ஊர்திகளின் முகப்பு விளக்கு, பொறி இயங்கும்போதெல்லாம் தானாக எரியுமாறு அமைக்கப்படுகிறது. சூரியனுக்கு முன் அவ்விளக்கு சிறிதே எனினும், கறுத்த நிழலுருவின் நடுவே ஒரு வெள்ளைப் புள்ளியாக அது நிற்கும். அதற்கு முன் செய்யப்பட்ட வண்டிகளில் இவ்வமைப்பு இல்லையெனில், காலை, மாலைகளில் ஓட்டுநரே விளக்கை இட்டுக்கொள்ள வேண்டும்.

சூரியன் நேர் எதிரே 2, 3 பாகையில் நிற்கும்போது எந்தத் தகடும் பட்டையும் சாலையை மறைக்காமல் அதனை மறைக்க இயலாது. மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் செல்லும் வண்டி இரண்டு நொடியில் 33 மீட்டர் கடந்துவிடும். அந்நிலையில் வேகத்தைக் குறைத்து, பின்னால் வருபவரின் கண்ணும் கூசும் என்பதை நினைவிற்கொண்டு முன்னதாகவே பிரேக் விளக்கை ஒளிரச் செய்து, தேவையெனில் சாலையோரத்தில் ஒதுங்கி நிற்கலாம். தமிழ்நாட்டில் மாலைச் சூரியன் 3 பாகையிலிருந்து மறைய ஏறத்தாழக் கால் மணி நேரமே ஆகும்.